முப்பத்தொரு அட்டைப்படங்கள்

பைண்டிங் தொழிலில் நான் செய்த பெரிய பிழையை, மிகவும் கவனமாக உட்கார்ந்து செய்தேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்டியில் ஒரு பைண்டிங் கடையில் நான் வேலை பார்த்த காலத்தில், வாரப் பத்திரிகைகளை யாரும் முழுதாகக் கட்டித் தரச் சொல்வதில்லை. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, வரிசையாகத் தைத்துக் கொடுப்போம். அட்டைகள் கழிவு. தாள் தடிப்பு என்பதால் அவற்றை நீளமாக நறுக்கி வேறு புத்தகங்களின் முதுகில் ஒட்டுவோம்.

செல்லம்மா, பன்வில தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். தோட்டத்து அலுவலகக் கிளாக்கர் வீட்டில் வாங்கிச் சேர்த்த பழைய பத்திரிகைகள் முப்பத்தொன்றைக் கொண்டுவந்தார்.

"புள்ளைங்க கை பட்டுப் பட்டுக் கிழியுது தம்பி. ஒண்ணும் கொறையாம கட்டிக் குடுங்க."

மூன்று நாள் தைத்தேன். இடையிடையே பல வாரக் கதையைக் காணோம். கதாநாயகி ரயிலேறினாளா இல்லையா என்று தெரியாமல் எனக்கே ஆத்திரம் வந்தது.

அடுத்த கிழமை வந்த செல்லம்மா புத்தகத்தைப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"படமெல்லாம் எங்க தம்பி?"

"கதை இருக்கும்மா. அட்டை எதுக்கு?"

"எனக்கு எழுத்து தெரியாதுப்பா. அந்தப் படத்தக் காட்டித்தான் புள்ளைங்களுக்குக் கதை சொல்றேன். ஏழு வருசமா சேத்தது."

அவர் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐயோ, நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மடவளைக்காரரான எங்கள் முதலாளி உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "அவங்கக்கிட்ட கேட்டியா? கேக்காமத்தானே கிழிச்சீக்கிறாய்! கழிவுப் பெட்டியக் கொட்டித் தேடு."

கொட்டித் தேடினேன். இருபத்தேழு அட்டைகள் முழுசாகக் கிடைத்தன. நான்கை நறுக்கியிருந்தேன், நல்லகாலம், இன்னும் ஒட்டவில்லை. துண்டுகளைத் தேடித் தேடி வெள்ளைத் தாளில் சேர்த்து ஒட்டினேன். பசை காயும்வரை செல்லம்மா முக்காலியைவிட்டு எழும்பவில்லை.

கடைசிப் படத்தில், குடத்தோடு ஒரு பெண். துண்டுகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் தெரிந்தன.

"இது அசிங்கமாப் போச்சும்மா. மன்னிச்சிருங்க," என்றேன்.

அவர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"அட, போப்பா! இவ்வளவு நாளும் இவ வெறுங்கொடத்தோடதான் நின்னா. இப்ப மழ பெய்யுது பாரு."

அங்கேயே அவளுடைய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதலாளிகூடக் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டார்.

இப்போது என் அலுமாரி நிறையப் பழைய பத்திரிகைகள், எல்லாம் அட்டையோடு. தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கத்தி வைக்கும் முன் கேளுங்கள், இதில் உங்களுக்கு எது வேண்டும் என்று. பத்து வருடம் அட்டை கிழித்த நான், அன்றுதான் ஓர் அட்டைப்படத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.