மூன்று மணிவரை நீண்ட வரிசை

முதுநகர் சபையாரே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் சந்தோஷத்தோடு வருவார்கள். நான் கோபத்தோடு வந்திருக்கிறேன். பொறுத்துக் கேளுங்கள்.

2010 ஏப்ரல். சிதம்பரத்தில் எனக்கு பி.எஸ்சி. கடைசித் தேர்வு. அதே நாளில் எங்கள் அகதி முகாமில் பதிவு.

பதிவு என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு நாள் அதிகாரி வந்து, குடும்ப எண் வரிசையில் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். நிற்காதவர் பெயரை அடித்துவிடுவார்கள். அதோடு உதவித்தொகை, முகாமில் தங்கும் உரிமை, கல்லூரி கேட்கும் சான்று எல்லாம் போய்விடும். அம்மாவும் அப்பாவும் 1990இல் குண்டுக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். வந்த மறுமாதமே கடலூரில் நான் பிறந்தேன். ஆனாலும் அந்தப் பேரேட்டில் இல்லாவிட்டால் நான் எங்குமே இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இன்றும் கைநாட்டு.

ஒரு வாரம் முன்பே ஹால் டிக்கெட்டோடு அதிகாரியிடம் போனேன்.

"நேர்ல நின்னாத்தாம்மா ஆளு. லெட்டரெல்லாம் ஆளு ஆவாது."

"சார், இது கடைசிப் பரீட்சை சார்."

"அகதிக்கு எதுக்கும்மா டிகிரி? எடம் குடுத்துருக்கோம், அரிசி குடுக்குறோம். ஜாஸ்தி ஆசப்படாத."

ஐந்து நாள் உபவாசம் இருந்தேன். அவர் மனதை இளகப் பண்ணும் ஆண்டவரே என்று அழுதேன். அவர் மனம் இளகவில்லை. தேர்வு நாள் காலையில் பையைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாதான் அதை எடுத்து என் தோளில் மாட்டினார்.

"நீ போயிட்டு வா பிள்ளை. பேரை வெட்டினா வெட்டட்டும். படிச்சதை வெட்டேலாது."

தேர்வு பத்து மணி முதல் ஒரு மணி வரை. பதிவு எப்போதும் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும். திரும்பும் பேருந்தில், புதுச்சத்திரம் தாண்டும்போது, ஆண்டவரோடு சண்டை போட்டேன். போர் நான் தொடங்கியதா? எல்லை நான் கிழித்ததா? எதற்கு என்னைப் படிக்க வைத்தீர்?

மூன்று மணிக்கு முகாம் வாசலில் இறங்கினேன். வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

நடந்ததை அம்மா சொன்னார். முதல் எண் பக்கத்து வீட்டுப் புவனம் அக்காவுடையது. குழாயடிச் சண்டையில் அம்மாவோடு மூன்று மாதமாகப் பேச்சில்லாதவர். அவர் பேனாவைத் தொடவில்லை.

"ஐயா, எங்கட கக்கூசுக்குக் கதவு இல்லை. இருவது வருஷமா இல்லை. அதை எழுதுங்கோ, பிறகு கையெழுத்து வைக்கிறன்."

"அத அப்பறம் பாத்துக்கலாம்மா."

"அப்பறம் எண்டா எந்த வருஷம் ஐயா?"

வரிசை சிரித்தது. அதிகாரி எழுதினார். இரண்டாம் குடும்பம் ஒழுகும் கூரையைச் சொன்னது. மூன்றாவது, சாக்கடை. அவர் அதை எழுதும்வரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, சபையாரே. பயத்தில் இருபது வருடம் வாய் திறக்காத சனம். நான் சிதம்பரத்திலிருந்து வந்து சேரும்வரை பேசுவதற்கு உண்மையே போதுமானதாக இருந்தது.

எங்கள் எண் நாற்பத்தொன்று. அப்போது முப்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது.

புவனம் அக்கா என்னைக் கண்டதும் கத்தினார். "என்னடி, ஆடி அசைஞ்சு வாறாய்? சொல்லுறதுக்கு இனி எங்களிட்டக் குறை மிச்சமில்லை!"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நேர்ல நிக்கிறேன் சார்," என்றேன். என் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினேன்.

நான் கேட்டது ஓர் அதிகாரியின் மனதை. ஆண்டவர் தந்தது ஒரு முகாமின் வாயை. என் ஜெபம் கேட்கப்பட்டது. அதற்கு என் உயிருள்ளவரை நன்றி சொல்வேன்.

ஆனாலும் கோபம் ஆறவில்லை. போருக்குத் தப்பி வந்தவர்களைக் காப்பது ஒரு நாட்டின் கடமை. சாகாமல் வைத்திருப்பது மட்டும் காப்பது அல்ல. குடியமர்த்த வேண்டும், வேலை தர வேண்டும், இன்னார் என்று ஒரு தாள் தர வேண்டும். ஓர் அரசாங்கம் ஒரு கையெழுத்தில் தந்திருக்க வேண்டியதை நான் பட்டினி கிடந்து கேட்டேன். அதில் வெட்கப்பட வேண்டியவள் நானல்ல.

இது 2012. முதல் வகுப்பில் தேறிய பட்டம் என்னிடம் இருக்கிறது. வேலை விண்ணப்பத்தில் எந்த நாடு என்று கேட்கும் இடத்தில் இன்னும் பேனா நின்றுவிடுகிறது. கக்கூசுக்கு நான்கு கதவுகள் வந்திருக்கின்றன. மீதிக்கு மாதாமாதம் மனு எழுதுகிறவள் நான்தான். தலை குனிந்து நிற்கிற பழக்கம் அன்றோடு போயிற்று.

நீங்களும் அவரை நம்புங்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கைக்குழந்தையோடு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய ஒரு குடும்பத்தைத்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடில் கட்டி வைக்கிறோம். ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து, "உங்களுக்காக ஜெபிக்கிறோம்மா" என்கிறீர்கள். ஜெபியுங்கள். அடுத்த பதிவு நாளில் வந்து எங்கள் வரிசையிலும் நில்லுங்கள். புவனம் அக்கா இடம் பிடித்து வைப்பார்.