தொட்டியில் விட்ட தண்ணீர்

டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக் கெல்லர், அதாவது நிலக்கீழ் அறை, எப்போதும் ஈரம். அதற்கென்று ஈரம் உறிஞ்சும் மெசின் ஒன்று வைத்திருக்கிறோம். சில வருடம் முன்பு ஒரு மாரிக் குளிரில், மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீட்டுச் சமையல் கிடாரங்களை வைக்க இடம் தேவைப்பட்டதால், அதைத் தூக்கித் தோட்டத்துக் கொட்டிலில் வைத்தேன்.

"மெசின் தொட்டியில தண்ணி கிடக்கு, ஊத்திப்போட்டு வையுங்கோ" என்றார் மனைவி.

"பிறகு ஊத்திறன்" என்றேன். கொண்டாட்ட அலுவலில் மறந்தே போனேன்.

கொட்டிலில் ஹீற்றர் இல்லை. தண்ணீர் உறைந்து தொட்டியின் அடி வெடித்திருக்கிறது. பனி விட்டபின் மெசினைத் திரும்பக் கெல்லரில் வைத்தபோது, மயிரளவு வெடிப்பு என் கண்ணில் படவில்லை. மனைவியின் கல்யாணக் கூறைச்சேலை இருந்த சூட்கேசையும், ஈரம் பிடிக்காமல் இருக்கட்டும் என்று, நானேதான் அதன் பக்கத்தில் நிலத்தில் வைத்தேன். மெசினை ஓடவிட்டபடி மூன்று நாள் கொலோனில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டோம்.

தொட்டி நிறைந்தால்தான் மெசின் தானாக நிற்கும். வெடித்த தொட்டி நிறையவேயில்லை. சுவரிலிருந்து உறிஞ்சியதையெல்லாம் மூன்று நாளும் நிலத்தில் விட்டிருக்கிறது.

திரும்பி வந்து சூட்கேசைத் திறந்தோம். கூறையின் சிவப்புச் சாயம் கரைந்து சரிகையிலெல்லாம் ஏறியிருந்தது. மனைவி ஏசவில்லை.

"மகளுக்கெண்டு வைச்சிருந்தனான்" என்று மட்டும் சொன்னார்.

தொட்டியை மாற்றிவிட்டோம். இப்போது ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்க முதலே அதை ஊற்றித் துடைத்து, உறையாதபடி மெசினை எங்கள் படுக்கையறை மூலையில் வைக்கிறேன். இடைஞ்சல்தான். "ஊத்தினீங்களோ?" என்று அவர் கேட்பதேயில்லை. நானாகவே போய், "ஊத்திப்போட்டன்" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.