மண்ணெண்ணெய் வரிசையில் என் இடம்

இன்று விடியற்காலையிலேயே அம்பத்தூர் ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் நானே முதல் ஆள்.

சென்ற வாரமும் நான்தான் முதலில் நின்றேன். கடைக்காரர் தமக்கு வேண்டியவர்களுக்கு ஊற்றிவிட்டு, "தீந்து போச்சும்மா" என்றார். வீட்டுக்கு வந்து விறகு இருந்தும் இரண்டு நாள் அடுப்பே மூட்டாமல் படுத்துக் கிடந்தேன்.

இன்றும் நேரத்துக்குக் கடை திறக்கவில்லை. பெண்கள் சோர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பாடியிலிருந்து வந்த முனியம்மா மட்டும் எழுந்தாள்.

"இன்னாடி இப்டி குந்திகினு கீறீங்க? அவன் எப்போ தொறப்பான்றது நம்ம கைல இல்ல. யாரு முன்னால நிக்கணும்னாவது நாம சொல்லலாமில்ல?"

கைக்குழந்தைக்காரிகள் முன்னால் என்று முடிவாயிற்று. அதுவரை தூங்கி வழிந்தவர்கள் எழுந்து டின்களை ஒழுங்காக அடுக்கினார்கள்.

"கான்வென்ட்டு அம்மா, நீ இன்னா சொல்ற?" என்றாள் முனியம்மா, கான்வென்ட்டில் படித்த என்னைப் பார்த்து.

தனியாக இருப்பவளுக்கு ஒரு விளக்குதான். என் டின்னை நானே கடைசியில் கொண்டுபோய் வைத்தேன்.

கடைக்காரர் வந்ததும் வரிசையைக் கலைக்கப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. முறைப்படியே ஊற்றினார். எனக்கு முன்னால் இருவர் இருக்கும்போதே எண்ணெய் தீர்ந்தது.

சென்ற வாரத்தைப் போலவே வெறும் டின்னோடுதான் திரும்பினேன். ஆனால் வந்தவுடன் விறகடுப்பை மூட்டி ரசம் வைத்தேன். இரண்டு முறை சாப்பிட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே இதை எழுதி நம் தெரு வீடுகளுக்கு அனுப்புகிறேன். இன்று யார் வீட்டில் விளக்கு எரியும்? இரவு அந்த வெளிச்சத்தில் வந்து உட்காருகிறேன். இந்தத் தாளின் அடியில் எழுதி, கசக்காமல் அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள்.

நாற்காலியை நானே கொண்டுவருகிறேன். உங்கள் நாற்காலிகள் எல்லாம் ஆடுகின்றன.