குண்டு போட்டவனின் கண்ணீர்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் டிவிடி கடையொன்றில் வேலை செய்த காலத்தில், தமிழில் குரல் கொடுத்த அமெரிக்கப் படங்களுக்கென்றே தனியாக ஒரு தட்டு இருந்தது. அமெரிக்காவுக்கு அந்த நேரம் யாரோடு கொழுவல் என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய படங்களில் ரஷ்யன் செத்தான். பிறகு தாடி வைத்தவனெல்லாம் செத்தான். அவர்களுடைய அரசாங்கம் யாரை அடிக்க நினைக்கிறதோ அவனைக் கதாநாயகன் முன்கூட்டியே அடித்து எங்களைப் பழக்கிவிடுவான். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

ஆளில்லா விமானங்கள் வந்த பிறகு இந்தக் கூத்து இன்னும் மோசமாகியது. முன்பு கொன்றுவிட்டுச் சிரித்தவர்கள் இப்போது கொன்றுவிட்டு அழத் தொடங்கினார்கள். கண்ட கண்ட ஊரில் குண்டு போட்டு விஷயம் உலகம் முழுக்க நாறியதும் படக்காரருக்கு மனச்சாட்சி வந்துவிட்டது. அதுவும் யாருக்காக? பொத்தானை அமத்தினவனுக்காக!

அப்படி ஒரு படத்துக்குத்தான் மகளோடு போனேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. திரையில் வானத்திலிருந்து தெரிந்த ஒரு வீட்டு முற்றம்; அதில் வெள்ளைப் புள்ளிகளாகச் சில மனிதர். எங்கேயோ குளிரூட்டிய அறைக்குள் இருந்தவன் பொத்தானை அமத்தினான். புள்ளிகள் காணாமல் போயின. மிச்சப் படம் முழுக்க அவன் குடித்தான், மனைவியோடு சண்டை பிடித்தான், குளியலறையில் குந்தியிருந்து அழுதான். பின்னால் வயலின் வேறு. என் மகளும் அழுதாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில், பங்கருக்குள் இருந்த என் அக்காவும் மேலே பறந்தவனுக்கு ஒரு புள்ளிதான். அக்காவின் போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எப்படிச் செத்தாள் என்று மகளுக்கு நாங்கள் சொல்லவில்லை, அவளும் கேட்டதில்லை. கண்ணால் கண்டறியாத மாமிக்காக என் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீராவது விடவேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குள் கிடந்தது. அதை எவனோ ஒரு நடிகன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மார்க்ஸ் டோர்மோய் நிறுத்தத்தில் மெத்ரோ ரயிலால் இறங்கி நடக்கும்போது கேட்டேன். "ஆருக்காக அழுதனீ?"

"அவன் பாவம், அப்பா" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"செத்த சனம் பாவமில்லையோ?"

"அவர்களைக் காட்டவே இல்லையே."

அவள் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. நடுரோட்டில் நின்று கத்தினேன். "எங்கட வீட்டுச் சுவரில இருக்கிற உன்ர மாமியையும் இப்பிடித்தான் மேலயிருந்து அடிச்சவங்கள்!"

போன வந்த சனம் திரும்பிப் பார்த்தது. மகள் முகம் வெளிறி நின்றாள். மாமிக்கு அப்போது என்ன வயது, அவவுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, ஏதாவது ஒன்றைக் கேட்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, எனக்காகத் தமிழில், சொல் சொல்லாகத் தேடிக் கேட்டாள்.

"அந்தப் பிளேன் ஓட்டினவர்... அவரும் பிறகு அழுதவரோ, அப்பா?"