ஈஸ்டர் வந்தது, கீரை போனது

என் நெஞ்சுக்குள் இருக்கும் வால்வு நான் பிறக்கும்போது என்னோடு வந்ததல்ல. சின்ன வயதில் மூட்டு வீக்கமும் காய்ச்சலுமாக வந்த வருத்தம் இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு, போன வருடம்தான், கொழும்பில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அதில் இரத்தம் கட்டிபடாமல் இருக்க வேண்டுமென்றால் சாகும்வரை வாபரின் என்ற குளிசையைப் போடவேண்டும். குளிசை கூடினால் இரத்தம் நிற்காது, குறைந்தால் வால்வில் கட்டி பிடிக்கும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை தன்னாமுனையில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், கிளினிக்கில் கையை நீட்டி, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கக் கொடுத்துவிட்டு வருவேன். போகும்போது பயமாக இருக்கும். வரும்போது பசிதான் இருக்கும்.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார், நல்ல பிள்ளை. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஈஸ்டர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை என்று பாதர் நாள் தந்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் கோயிலுக்கு வெளிக்கிட முதல் வீட்டில் தாய் தகப்பனுக்கு முன்னால் முழந்தாளில் இருப்பாள். நாங்கள் அவள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வாதம் கொடுத்து அனுப்புவோம். அந்தச் சிலுவையை என் கையால் வரைய வேண்டும். ஒப்பரேஷனுக்கு என்னை உருட்டிக்கொண்டு போகும்போது நான் ஆண்டவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான். வீடு கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு அவர் சொன்னார். அவர் என்றால் ஆண்டவர் இல்லை, என் கணவர்.

உயிரோடு வந்துவிட்டேன், மகளுக்கும் கல்யாணம் சரிவந்துவிட்டது. ஆண்டவருக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? இந்தத் தவக்காலம் முழுக்க மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். மற்ற வருடங்களில் வெள்ளிக்கிழமையோடு விட்டுவிடுவோம். வாவியைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஊரில் ஒரு தவக்காலம் முழுக்க இறாலை மறப்பது லேசான காரியமில்லை.

திருநீற்றுப் புதனோடு வீட்டில் இலை ஆட்சி தொடங்கியது. ஒரு நாள் முருங்கையிலைச் சுண்டல், அடுத்த நாள் வல்லாரைச் சம்பல், அதற்கடுத்த நாள் பொன்னாங்காணி. வேலியில் குறிஞ்சா கிடந்தால் அதையும் விடவில்லை. சட்டி நிறைய அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டுக் கிளறி, சோற்றைவிடக் கூடுதலாக இலையைத்தான் தின்றேன். நேர்த்தி எனக்கு மட்டும்தான். ஆனால் சமைக்கிறவள் நானாக இருந்தபடியால் வீட்டுக்கே அது சட்டமாகிவிட்டது.

"இன்னும் ரெண்டு கிழம போனா நீ மே மே எண்டு கத்தப்போறாய்" என்றார் என் கணவர். அவர் செங்கலடிச் சந்தைக்கு அடிக்கடி போய்வரத் தொடங்கினார். அங்கே மீன் ரோல்ஸ் தின்றுவிட்டுத்தான் வருகிறார் என்பது அவர் சேட்டிலிருந்த தூளைப் பார்த்தாலே தெரியும். கண்டும் காணாதமாதிரி இருந்துவிட்டேன்.

தவக்காலத்தின் நடுவில் கிளினிக் வந்தது. அன்றைக்கு இருந்த டொக்டர் முடிவைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ரத்தம் தடிச்சுப்போய் இருக்கு. குளிசைய ஒழுங்காப் போடுறீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரவுச் செபத்தை மறந்தாலும் குளிசையை மறக்காதவள் நான். "ஒரு நாளும் தவறவிட்டதில்ல" என்றேன், கொஞ்சம் உரத்துத்தான்.

"சாப்பாட்டில ஏதும் மாற்றம்?"

"ஒண்டும் இல்ல."

பொய் சொல்லவில்லை. மாற்றம் என்றால் புதிதாக வருவது. தவக்காலம் எங்களுக்குப் புதிதா? என் தாய்க்கு முதலே அது வந்து போய்க்கொண்டிருக்கிறது. அவர் கேட்டது சீனி வருத்தக்காரரிடம் கேட்கிறமாதிரி ஏதோ கேள்வி என்று நினைத்தேன். அவரும் சரி என்று குளிசையைக் கூட்டி எழுதித் தந்தார். கூட்டிய குளிசையையும் ஒரு நாள் தவறாமல் விழுங்கினேன்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்த வேலை, இறாலை மிளகாய் போட்டுப் பிரட்டியதுதான். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்! கல்யாண வீடு என்று ஒவ்வொரு சொந்தமும் கூப்பிட்டது. ஒரு வீட்டில் கோழி, ஒரு வீட்டில் ஆட்டிறைச்சி, கணவரின் தங்கச்சி வீட்டில் நண்டுக் குழம்பு. முருங்கை மரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கீரை என்ற சொல்லைச் சொன்னாலே வீட்டில் எல்லாரும் எழும்பி ஓடுகிறமாதிரி இருந்தது.

அடுத்த கிழமை பல் துலக்கினால் நுரை ரோசா நிறத்தில் வந்தது. புதுப் பிரஷ் கடினமாக இருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் மெதுவாகத் துலக்கினேன். தொடையில் கறுப்பும் நீலமுமாக ஒரு கண்டல், முழங்கைக்குக் கீழே இன்னொன்று. பலகாரச் சட்டி தூக்குகிறவளுக்குக் கண்டல் வராதா? கல்யாண வீட்டில் தாய்க்குத் தன் உடம்பைப் பார்க்க எங்கே நேரம்!

புதன்கிழமை பின்னேரம் கேக் சுற்ற இருந்தோம். துண்டு துண்டாக வெட்டிய கல்யாணக் கேக்கை எண்ணெய்த் தாளில் சுற்றி, சின்னப் பெட்டிகளுக்குள் வைத்து, ரிபன் கட்டவேண்டும். என் கணவரின் தங்கச்சி, அதாவது என் மச்சி, சுற்றிச் சுற்றித் தர நான் பெட்டிக்குள் வைத்தேன். வெள்ளைப் பெட்டி ஒன்றின் மேல் சொட்டென்று சிவப்பு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"மச்சி, மூக்கப் பாருகா!" என்று அவள் கத்தினாள்.

மூக்கைப் பிடித்தேன். தலையைக் குனிந்து பிடித்தேன். துணி நனைந்து, அடுத்த துணியும் நனைந்தது. நிற்கவில்லை. எனக்கு அந்த நேரம் சாவு நினைவுக்கு வரவில்லை. சனிக்கிழமைதான் வந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால், சனிக்கிழமை மகள் யாருக்கு முன்னால் முழந்தாளில் இருப்பாள்? அழுதுவிட்டேன். அழுததில் இரத்தம் இன்னும் கூடியது. மகள் முழங்கைவரை மருதாணிக் கையோடு ஓடிவந்து என்னை ஓட்டோவுக்குள் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சு அடைத்து, இரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தை என் கணவர் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிவு வந்ததும் முக்காடு போட்ட ஓர் இளம் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார், மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"அம்மா, உங்கட ரத்தம் தண்ணி மாதிரி இரிக்கு. வேற ஏதும் மருந்து குடிச்சீங்களா? நாட்டு மருந்து?"

"இல்ல மகள்."

"போன மாசம் குளிசை கூட்டினது ஏன்?"

"தடிச்சுப்போச்சாம்."

அவர் யோசித்தார். அப்போது என் கணவர், பகிடி விடும் நேரமா என்று பாராமல், "டொக்டர், போன மாசம் இவ ஆடு. இப்ப புலி" என்றார்.

"விளங்கல்ல."

"தவக்காலம் முழுக்க இலைதான் திண்டவ. ஈஸ்டரோட நண்டும் கோழியும்."

டொக்டர் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "யா அல்லாஹ், நோம்பா? எங்கட நோம்புக்கும் இப்படித்தான், சாப்பாடு மாறி ஆக்கள் வருவாங்க. இத அண்டைக்கே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?"

"கேட்டா இல்லண்டுதான் சொல்லுவா" என்றார் என் கணவர். என் மூக்கில் பஞ்சு இருந்தபடியால் அவர் தப்பினார்.

பிறகு டொக்டர் கட்டிலின் ஓரத்தில் இருந்து விளங்கப்படுத்தினார். பச்சை இலையில் விட்டமின் கே என்று ஒரு சத்து இருக்கிறதாம். ஈரல் அதை வைத்துத்தான் இரத்தம் உறைவதற்கான சாமான்களைச் செய்கிறதாம். நான் போடும் குளிசை அந்தச் சத்தை வேலைசெய்ய விடாமல் மறிக்கிறது. கேட்கும்போது எனக்கு வருடப்பிறப்புக் கயிறிழுப்புத்தான் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் இலை, மறுபக்கம் குளிசை. தவக்காலத்தில் இலைப் பக்கம் ஆள் கூடியதால் குளிசைப் பக்கத்துக்கும் ஆள் சேர்த்தார்கள். ஈஸ்டர் அன்றைக்கு இலைப் பக்கத்தார் கயிற்றை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"பிறந்த பிள்ளைக்குத் தொடையில ஒரு ஊசி போடுவமே, அதுவும் இந்த விட்டமின்தான். பிறக்கக்குள்ள அதுகளுக்கு இது காணாது, மூளைக்குள்ள கூட ரத்தம் கசியலாம்" என்றார் டொக்டர்.

"அப்ப இவ இப்ப பிறந்த பிள்ள" என்றார் என் கணவர். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

"சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம்" என்றேன். டொக்டரின் சிரிப்பு நின்றது.

"குளிசைய நிப்பாட்டி, அந்த விட்டமின் கொஞ்சம் குடிக்கத் தாறன். கொஞ்சம்தான் தர ஏலும். கூடினா வால்வில கட்டி பிடிச்சிரும். வெள்ளிக்கிழமை காலையில ரத்தம் பார்ப்பம். சரியா இரிந்தா விடுவன். இல்லாட்டி விடமாட்டன் அம்மா, கோவிக்கக் கூடாது."

கோவிக்க எனக்குத் தெம்பே இருக்கவில்லை.

வியாழக்கிழமை பார்வை நேரத்தில்தான் வேடிக்கை. கீரை தின்னாமல் எனக்கு இரத்தம் ஓடுகிறது என்ற கதை தன்னாமுனை முழுக்கப் பரவிவிட்டது. மச்சி ஒரு பெட்டி முருங்கையிலைச் சுண்டலோடு வந்தாள். கோயில் பாடகர் குழுவில் ஒருத்தி வல்லாரையை அரைத்துக் கஞ்சியாகவே கொண்டுவந்தாள். சம்பந்தி வீட்டார் பாசிக்குடாவில் இருந்து பொன்னாங்காணிக் கட்டுகளோடு வந்து இறங்கினார்கள், சமைக்கக்கூட இல்லை. கட்டிலைச் சுற்றி ஒரு மரக்கறிச் சந்தை. "திண்ணு மச்சி, சனிக்கிழமைக்கு எழும்ப வேணும்" என்று மச்சி என் வாய்க்குள் பிடி பிடியாகத் திணிக்க, நானும் ஆசையில் வாயைத் திறந்துவிட்டேன்.

டொக்டர் கண்டுவிட்டார். அந்தச் சின்ன உடம்பில் இருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"என்ன செய்யிறீங்க! ரத்தத்த நிப்பாட்டச் சொன்னா ஆளையே நிப்பாட்டப் போறீங்களா? ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கோப்பை. நாளைக்கும் அதே கோப்பை. நாளண்டைக்கும் அதே கோப்பை. தவக்காலம் எண்டாலும் அதே, கல்யாண வீடு எண்டாலும் அதே!"

மச்சி சுண்டல் பெட்டியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார். அன்று அந்த வார்ட்டில் எல்லாருக்கும் மதியச் சோற்றோடு மூன்று வகை இலைக்கறி. பக்கத்துக் கட்டில் பெண் என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் இரிங்ககா" என்றாள். அவள் சிரித்தாள், நான் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் என்று எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை காலை இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவு நேரமும் செபமாலையை உருட்டினேன், எந்தத் தேவரகசியத்தில் நிற்கிறேன் என்பதே தெரியவில்லை. திணித்த சுண்டல் என்னைக் கெடுத்திருக்குமோ என்று பயம். மகள் போனில் "என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பத்து மணி தாண்டி டொக்டர் வாசலில் வந்து நின்று, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நான் கட்டிலில் இருந்து குதித்தேன். "மெதுவா! மெதுவா! விழுந்தா இன்னொரு கண்டல்!" என்று அவர் ஓடிவந்தார். பழைய அளவுக் குளிசை, திங்கட்கிழமை திரும்ப இரத்தச் சோதனை, தினமும் அந்த ஒரு கோப்பை இலை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு அவரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது, கேக் அனுப்புங்கள் என்றார்.

சனிக்கிழமை காலை வீடு அமளி. கையில் ஊசி குத்திய கண்டலுக்குச் சட்டைக் கை எட்டவில்லை. நான் மறைக்கப் போகவுமில்லை. வெளியே கார் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. மகள் வெள்ளைச் சேலையில் வந்து எங்களுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். முதலில் என் கணவர் சிலுவை வரைந்தார். அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த மனிதர், வரைந்து முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு நான். பெருவிரலை அவள் நெற்றியில் வைத்தேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லி முடிக்கும்வரை கண்ணீர் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முடித்தும்விட்டேன்.

மகள் எழும்பவில்லை. முக்காட்டுத் துணி கசங்கும் என்றும் பாராமல் குனிந்திருந்த என் நெஞ்சில் காதை வைத்தாள். உலோக வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு, கைமணிக்கூட்டின் சத்தம்போல. கிட்ட வந்தால் கேட்கும்.

"ஓடுது" என்றாள்.

"ஓடட்டும் மனே. நீ எழும்பு, பூசைக்குப் பிந்துது" என்றேன்.