நடுக்குழி

ஊசி பிடித்தால் ஒரு நூல்கூடப் பிசகாத தையல்காரிக்கு, கேக் மட்டும் கட்டுப்படவே இல்லை. வீட்டில் யார் பிறந்தநாளுக்குச் சுட்டாலும் நடுவில் பொதுக்கென்று அமுங்கிவிடும். மானம் போகிறதே என்று அந்தக் குழியை க்ரீமால் நிரப்பி மறைப்பாள். இந்த முறை மகளின் பிறந்தநாள், புது ஓவன். கேக் பலகை மாதிரி சமமாக எழும்பியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வெட்டிப் பார்த்த மகளின் முகம் தொங்கிப்போயிற்று.

"குழி எங்கம்மா? அதுலதானே க்ரீம் நிறைய இருக்கும்! பிறந்தநாள்காரங்களுக்கு அந்தத் துண்டுதானே!"

"அப்போ அடுத்த மாசம் எனக்கும் கிடையாதா?" என்று பதறினார் கணவர்.

இத்தனை வருஷம் வீணாகக் கூனிக்குறுகியவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"அடப்பாவிகளா, இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றவள், கரண்டியை எடுத்து அந்த அழகான கேக்கின் நடுவில் தானே குழி தோண்டினாள்.