ஏரி வண்டல் யாருடைய மண்?

இன்று ஏரியில் வண்டல் அள்ளி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இதைக் கொட்டாவிட்டால் என் காட்டில் சோளம் முழங்கால் உயரம்கூட வராது.

கரையில் வந்த பள்ளிக்கூட வாத்தியார், "இது மேட்டுக்காட்டு மண்ணுங்க. மழை அரிச்சுக் கொண்டாந்து போட்டிருக்குது" என்றார்.

அவரோடு வந்த என் மச்சானுக்கு மேட்டில்தான் காடு. சட்டென்று வண்டியை மறித்தார். "ஏனுங்க மாப்ள, அப்ப இது எம்மண்ணுங்க. எறக்குங்க!"

"நானா அரிச்சேன்? மழைகிட்டக் கேளுங்க மச்சான்."

"ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தானுங்க" என்று வாத்தியார் நழுவிவிட்டார்.

"சரி, மண்ணு உங்களுது. அதோட வர்ற கோரையும் உங்களுதுதான? வந்து களை புடுங்கிக் குடுங்க" என்றேன். மச்சான் வழிவிட்டார்.

வண்டல் காட்டில் விழுந்தாயிற்று. எனக்குத்தான் ஒன்று விளங்கவில்லை: போன மழையில் என் காட்டு மண் எந்த ஏரிக்குப் போனது? கண்டவர்கள் சொல்லுங்கள், வண்டியோடு வருகிறேன்.